நாள் தள்ளிப்போகும் வரை: குழந்தைக்காகக் காத்திருக்கத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு பெண் கருவுற்றிருப்பதை 'முழுகாமல் இருக்கிறாள்' என்பார்கள். மாதவிலக்கு வந்து தலை முழுக வேண்டிய நாள் கடந்தும் அவள் முழுகவில்லை என்று பொருள். வீட்டில் எல்லோரும் அந்த நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மூன்று வருடத்துக்கு மேல் நானும் எண்ணினேன். எனக்கு முடிவில் என்ன ஆனது என்பதை இங்கே எழுதவில்லை. காத்திருந்த நாட்களில், கடைசி வரியில் குழந்தை பிறந்துவிடும் கதைகளைப் படித்துத்தான் நான் அதிகம் அழுதேன்.

இப்போதுதான் முயற்சியைத் தொடங்குகிறவர்களிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கருமுட்டை வெளியேறும் வரை உள்ள முதல் பாதியில் நாம் செய்யக்கூடியது நிறைய உண்டு. அதற்குப் பிந்தைய இரண்டு வாரத்தில் நம் கையில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. நான் இரண்டு வருடம் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். முதல் பாதியை வேலையிலும் விருந்தாளிகளிலும் விட்டுவிட்டு, இரண்டாம் பாதியில் மாடிப்படி ஏறாமல், பப்பாளியைத் தொடாமல், ராத்திரி முழுக்க அறிகுறிகளைத் தேடிக் கிடந்தேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.

முயற்சிக்கு முன்

ஃபோலிக் அமில மாத்திரையில் தொடங்குங்கள். நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே எடுக்க வேண்டும். மூன்று மாதம் முன்பே என்றால் இன்னும் நல்லது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டாகி நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போய், சோதித்து, டாக்டரைப் பார்ப்பதற்குள் அந்த வேலை பாதிக்கு மேல் முடிந்திருக்கும். 'கர்ப்பமானதும் போட்டுக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடக் கூடாத மாத்திரை இது ஒன்றுதான். சர்க்கரை நோய் இருந்தாலோ, வலிப்புக்கு மருந்து எடுத்தாலோ, முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறை இருந்திருந்தாலோ அளவு மாறும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டாக்டரைப் பார்க்கப் போகும் அதே முறையில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். ரூபெல்லா தடுப்பூசி போடாதவர் என்றால் போட்டுக்கொண்டு ஒரு மாதம் கழித்து முயற்சியைத் தொடங்க வேண்டும். நீங்கள் வழக்கமாக எடுக்கும் மருந்துகளின் அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துப்போங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட், முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், ரத்த அழுத்த மாத்திரைகளில் சில, கருவுக்கு ஆகாதவை. நீங்களாக நிறுத்தவும் கூடாது. மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கணவருக்கும் இதே கட்டத்தில் வேலை உண்டு. ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மாதம் ஆகிறது. இன்று நிறுத்தும் சிகரெட், புகையிலை, மது ஆகியவற்றின் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும் என்பதால் இன்றே நிறுத்துவது நல்லது. உடற்பயிற்சிக் கூடத்தில் தசை வளரப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக் கூடியது. இதை அறியாமல் போட்டுக்கொண்ட ஒருவர் எங்கள் உறவிலேயே இருக்கிறார். அவர் மனைவிதான் ஒரு வருடம் முழுக்க மருந்து சாப்பிட்டாள்.

நாளைக் கண்டுபிடிப்பது

சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் போதும். ரத்தப்போக்கு ஒழுங்காகத் தொடங்கும் நாள்தான் முதல் நாள். அதற்கு முன் லேசாகப் படும் கறையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தத் தேதிக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி. அடுத்த முறை வந்ததும் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் இடையிலான நாட்களை மூன்று நான்கு மாதம் குறித்தாலே உங்கள் சுழற்சி எத்தனை நாள் என்று தெரிந்துவிடும்.

கருமுட்டை வெளியேறியதிலிருந்து அடுத்த மாதவிலக்கு வரையிலான காலம் பெரும்பாலான பெண்களுக்கு 14 நாளை ஒட்டியே இருக்கும். கூடுவதும் குறைவதும் அதற்கு முந்தைய பகுதிதான். எனவே பின்னாலிருந்து எண்ண வேண்டும். 28 நாள் சுழற்சி என்றால் 14ஆம் நாளையொட்டி, 32 நாள் என்றால் 18ஆம் நாளையொட்டி, 25 நாள் என்றால் 11ஆம் நாளையொட்டி முட்டை வெளியேறும். எல்லோருக்கும் 14ஆம் நாள்தான் என்று நினைத்து, 34 நாள் சுழற்சிக்காரர்கள் மாதாமாதம் ஆறு நாள் முன்கூட்டியே முயன்றுவிட்டு ஓய்ந்துபோகிறார்கள்.

வெளியேறிய முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். விந்தணுவோ உள்ளே ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்கள், முட்டை வெளியேறும் நாளையும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களையும் சேர்த்து ஆறே நாள்தான். அந்த ஆறு நாளில் தினமுமோ ஒரு நாள் விட்டு ஒரு நாளோ சேர்ந்திருந்தால் போதும். சேமித்து வைத்தால் வீரியம் கூடும் என்று சிலர் வாரக் கணக்கில் விலகியிருக்கிறார்கள். அதனால் பயன் இல்லை, கெடுதல்தான்.

காலண்டர் கணக்கைச் சரிபார்க்க உடம்பே ஓர் அடையாளம் காட்டும். மற்ற நாட்களில் வறண்டோ பிசுபிசுப்பாகவோ இருக்கும் வெள்ளைப்படுதல், முட்டை வெளியேறும் நாள் நெருங்கும்போது பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாகி, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுத்தால் நூலாக நீளும். அன்றும் அடுத்த நாளும் முக்கியமானவை. முட்டையை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஹார்மோனைச் சிறுநீரில் காட்டும் பட்டை மருந்துக்கடையில் கிடைக்கும், அதுவும் உதவும், அதில் சோதனைக் கோடு ஒப்பீட்டுக் கோட்டின் அளவுக்கு அழுத்தமாக விழுந்த ஒன்று ஒன்றரை நாளில் முட்டை வெளியேறும். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு அந்தப் பட்டை வீணாகவே கோடு காட்டக்கூடும். அவர்கள் ஸ்கேன் மூலம் பார்த்துக்கொள்வதே நல்லது.

நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. கணவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் விடுமுறை டிக்கெட் போடும் முன் காலண்டரைப் பாருங்கள். நாற்பது நாள் விடுப்பில் வந்து, ஊர் சுற்றி, அந்த ஆறு நாளையும் கோயில் பயணத்தில் கழித்துவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். ஆடிக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைக்கும் வழக்கம், சித்திரை வெயிலில் பிரசவம் வேண்டாம் என்று பெரியவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்தது. முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் ஒரு மாதத்தை விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்று கணவரோடு பேசி முடிவு செய்யலாம். அம்மாவிடம் பக்குவமாகச் சொன்னால் புரிந்துகொள்வார்.

அந்த இரண்டு வாரம்

உள்ளே நடப்பது என்னவென்று தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் அடங்கும். முட்டையும் விந்தணுவும் சேர்வது கருக்குழாயில். அங்கிருந்து கரு மெல்ல நகர்ந்து கருப்பைக்கு வந்து சேர ஐந்தாறு நாள். கருப்பைச் சுவரில் அது பதிவது, முட்டை வெளியேறியதிலிருந்து ஆறு முதல் பன்னிரண்டு நாளுக்குள். பெரும்பாலும் எட்டு, ஒன்பது, பத்தாம் நாட்களில். பதிந்த பிறகுதான் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சுரந்து ரத்தத்தில் கலக்கிறது. எந்தச் சோதனையும் தேடுவது அதைத்தான். ஆகவே முதல் வாரத்தில் உங்களுக்குத் தோன்றும் எந்த அறிகுறியும் கர்ப்பத்தின் அறிகுறியாக இருக்க முடியாது.

அப்படியானால் மார்பு கனப்பது, வயிறு உப்புவது, தூக்கம் தள்ளுவது எல்லாம் எங்கிருந்து வருகின்றன? முட்டை வெளியேறிய பின் கரு உண்டானாலும் உண்டாகாவிட்டாலும் எல்லா மாதமும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அதன் வேலை அது. ஒரு முறை, முட்டை வெளியேறிய பதினோராம் நாள், சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். வெங்காயமும் பெருங்காயமும் எண்ணெயில் விழுந்த வாசனையில் குமட்டிக்கொண்டு வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து சிரித்தேன். அன்று இரவு அவரிடம் பெயர் கூடப் பேசினேன். மூன்றாம் நாள் காலை மாதவிலக்கு வந்தது. குமட்டல் உண்மைதான், அதற்கு நான் சொன்ன பொருள்தான் தவறு. உங்கள் உடம்பு பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த நாட்களில் அதற்குச் சொல்லத் தெரியாது.

கரு இறங்கிவிடுமோ என்ற பயத்தையும் விட்டுவிடுங்கள். கருப்பைக்கு வந்து சேரும்போது அது ஒரு கோலமாவுத் துகள் அளவுதான் இருக்கும். பஸ் குலுங்கினாலோ, மாடி ஏறினாலோ, குனிந்து கோலம் போட்டாலோ, தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலோ விழுந்துவிடாது. கணவரோடு சேர்ந்த பிறகு காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு வாரம் படுக்கையில் கிடப்பதால் வாய்ப்பு கூடுவதும் இல்லை. பழுத்த பப்பாளி இரண்டு துண்டு தின்றதால்தான் நிற்கவில்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பால் வடியும் பச்சைக் காயை மட்டும் தவிர்த்தால் போதும். மதுவும் புகையிலையும் வேண்டாம், காபியை இரண்டு டம்ளரோடு நிறுத்துங்கள், எக்ஸ்ரே எடுக்க நேர்ந்தால் கர்ப்பமாக இருக்கலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இந்த இரண்டு வாரத்துக்கான விதிகள் அவ்வளவே.

மனத்தை என்ன செய்வது என்பதுதான் கடினம். 'அதையே நினைக்காதே' என்பார்கள். நினைக்காமல் இருக்க முடியாது, அதற்கு முயன்றால் இரட்டிப்பாக வரும். எனக்கு உதவியது நேரம் ஒதுக்கியது. சாயங்காலம் விளக்கேற்றிய பின் அரை மணி, மொட்டை மாடியில். அழுகையோ, கணக்கோ, பயமோ எல்லாம் அந்த அரை மணியில். பகலில் நினைப்பு வந்தால் 'ஆறரைக்கு' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். முதல் மாதம் கேலியாகத்தான் பட்டது. மூன்றாம் மாதத்திலிருந்து சில நாட்கள் அந்த அரை மணி தேவைப்படாமலே போனது. இன்னொன்று, கைக்கு வேலை. இரண்டு வாரத்தில் முடியக்கூடிய ஒரு வேலையை எடுங்கள்: வடகம் போடுவது, பழைய புடவைகளைப் பிரித்துத் தைப்பது, எதுவானாலும் சரி. கைபேசியில் 'பத்தாம் நாள் அறிகுறி' என்று தேடுவதை மட்டும் அடியோடு நிறுத்துங்கள். என் தூக்கத்தை எடுத்துக்கொண்டது அதுதான்.

கோயிலுக்குப் போகிறவர்கள் போங்கள். பாபநாசம் அருகே திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகையின் முன் தம்பதிகளாக நெய்க் கிண்ணத்தோடு வரிசையில் நின்றபோது, நான் மட்டும் இல்லை என்று முதல் முறையாகத் தோன்றியது. அந்த ஆறுதல் பெரியது. சஷ்டி விரதம் இருப்பவர்கள் ஆறு நாளும் வெறும் தண்ணீரில் இருக்காமல் பாலும் பழமும் எடுத்துக்கொள்ளுங்கள், மாத்திரையை விடாதீர்கள்.

கேட்பவர்களுக்கு என்ன சொல்வது

ஒரு வளைகாப்பில் எனக்கும் வளையல் போட்டுவிட்டார்கள். பச்சைக் கண்ணாடி வளையல், அளவு சிறியது. விரலை மடக்கி அழுத்தி ஏற்றிக்கொண்டே ஒரு பெரியம்மா, "விசேஷம் ஏதும் உண்டா?" என்றார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று அந்த இரண்டு வாரத்தின் எட்டாம் நாள். கை முழுக்க வளையலோடு கொல்லைப்பக்கம் போய் நின்றேன்.

ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். "இருந்தால் நானே வந்து சொல்கிறேன், பெரியம்மா." இதைச் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் கேள்வி வளரும். கணவர் வீட்டாருக்குக் கணவர்தான் பதில் சொல்ல வேண்டும். இதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். மாமியார் கேட்கும்போது மருமகள் தலை குனிந்து நிற்க, மகன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பது சரியல்ல. சோதனை செய்யும் தேதியை ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். பத்துப் பேருக்குச் சொன்னால் முடிவு வந்ததும் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். மன உளைச்சல் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

சோதிக்கும் காலை

வர வேண்டிய நாளில் மாதவிலக்கு வராவிட்டால், அன்றோ அதற்கு மறுநாளோ சோதியுங்கள். முன்னதாகச் செய்தால் கரு இருந்தும் இல்லை என்று காட்டலாம். கர்ப்பச் சோதனைக் கார்டை முன்பே வாங்கி அலமாரியில் வைத்திருந்தால் கை அதைத் தேடிப் போகும். எனவே முந்தைய நாள் வாங்குவதே நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் இலவசமாகவே சோதித்துச் சொல்வார்கள்.

காலை முதல் சிறுநீரைச் சுத்தமான, சோப்பு வாசனை இல்லாத கிண்ணத்தில் பிடியுங்கள். கார்டை மட்டமான இடத்தில் வைத்து, கூடவே வரும் துளிக்குழாயால் 'எஸ்' என்று போட்டிருக்கும் குழியில் அட்டையில் சொல்லியிருக்கும் எண்ணிக்கையில், பெரும்பாலும் மூன்று சொட்டு விடுங்கள். இளஞ்சிவப்பு ஈரம் ஜன்னலில் ஊர்ந்து போவது தெரியும். 'சி' பக்கம் ஒரு கோடு விழ வேண்டும். அது விழாவிட்டால் கார்டு பழுது, முடிவு செல்லாது. 'டி' பக்கமும் கோடு விழுந்தால், அது மங்கலாக இருந்தாலும் நிறம் இருந்தால், கரு இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள். அரை மணி கழித்துக் குப்பையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் சாம்பல் நிறக் கோடு, ஈரம் காய்ந்த தடம். அதை நம்பி இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன்.

சிகிச்சையில் இருப்பவர்களுக்குத் தனியாக இரண்டு எச்சரிக்கைகள். முட்டை வெடிக்கப் போடும் எச்.சி.ஜி. ஊசி பத்துப் பதினான்கு நாள் வரை உடம்பில் தங்கும். அதற்குள் வீட்டில் சோதித்தால் ஊசியே இரண்டு கோடு காட்டிவிடும். புரோஜெஸ்டிரோன் மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த மாத்திரையே நாளைத் தள்ளிப்போடும், அறிகுறிகளையும் கொண்டுவரும். மருத்துவமனை சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனைதான் சரி. வீட்டுக் கார்டில் ஒரு கோடு விழுந்ததைப் பார்த்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டு கோடு விழுந்தால்

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவதால், சோதிக்கும் அன்றே உங்களுக்கு நான்கு வாரம். ஃபோலிக் மாத்திரையைத் தொடருங்கள், டாக்டரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கிராம அல்லது நகர்ப்புற சுகாதாரச் செவிலியரிடம் 12 வாரத்துக்குள் பதிந்து, கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கு அது வேண்டும், தனியார் மருத்துவமனையில் பிரசவம் என்றாலும் வேண்டும். அடிவயிற்றின் ஒரு பக்கம் கடுமையாக வலித்தாலோ, தோள்பட்டை வலியோடு தலை சுற்றி மயக்கம் வந்தாலோ, ரத்தம் போனாலோ காலை வரை காத்திருக்கக் கூடாது. கருக்குழாயிலேயே கரு தங்கியிருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள்.

சில சமயம் கோடு விழுந்த சில நாளிலேயே மாதவிலக்கு வந்துவிடும். இப்படித் தொடக்கத்திலேயே முடிந்துபோகும் கருக்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறே காரணம். நீங்கள் செய்த எதனாலும் நேர்ந்தது அல்ல. வீட்டில் மற்றவர்கள் 'அது ஒன்றும் இல்லை' என்றாலும் உங்களுக்கு அது இழப்புதான். அழலாம்.

மாதவிலக்கு வந்துவிட்டால்

அன்று ஒரு நாளை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். சமையலைக் கணவர் பார்க்கட்டும். அவருக்கும் வருத்தம் இருக்கும். ஆண்கள் அதைச் சொல்லாமல் இரண்டு நாளைக்கு வீட்டுக்கு நேரம் கழித்து வருவார்கள். கேளுங்கள். ஆரோக்கியமான இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். ஒரு வருடத்தில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் கருத்தரிக்கிறார்கள். ஒரு மாதம் தவறியது உடம்பில் குறை என்பதற்குச் சான்று இல்லை.

அதே சமயம் வருடக் கணக்கில் சும்மா காத்திருக்கவும் வேண்டாம். பெண்ணுக்கு 35 வயதுக்குக் கீழ் என்றால் ஒரு வருட முயற்சிக்குப் பின், 35ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்தில், 40ஐத் தாண்டியிருந்தால் தொடக்கத்திலேயே டாக்டரைப் பாருங்கள். மாதவிலக்கு ஒழுங்கற்று வந்தாலோ, அப்போது தாங்க முடியாத வலி இருந்தாலோ, முன்பு காசநோயோ அடிவயிற்றில் அறுவைச் சிகிச்சையோ நடந்திருந்தாலோ இந்தக் கெடு பொருந்தாது, உடனே போகலாம்.

இருவரும் சேர்ந்தே போங்கள். விந்துப் பரிசோதனை முதல் வாரத்திலேயே நடக்க வேண்டும். வலியில்லாத, செலவு குறைந்த சோதனை அதுதான்; இரண்டு முதல் ஏழு நாள் விலகியிருந்துவிட்டுக் கொடுக்க வேண்டும். எனக்கு ஸ்கேன், ரத்தம், கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் முடித்து, பதினான்காவது மாதத்தில்தான் என் கணவரிடம் அதைக் கேட்டார்கள். அந்தப் பதினான்கு மாதமும் குறை என்னுடையதுதான் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள், நான் உட்பட. உங்கள் டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

புள்ளி வைத்த காலண்டர் தாள்களைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பழைய சீட்டுகளோடு ஒரே கோப்பில் வைத்து எடுத்துப்போங்கள். முதல் கேள்வியே "கடைசியாக எப்போது வந்தது, அதற்கு முன் எப்போது?" என்பதுதான்.